நடுத்தூணில் போட்ட சுழி

விடிந்ததும் சாணி அள்ளப் போன புஷ்பவதி, இடுப்பிலிருந்த கூடையை இறக்கி வைக்கவும் தோன்றாமல் மாட்டுக் கொட்டகைத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுயரத்தில், வெண்கட்டியால் போட்ட ஒரு பிள்ளையார் சுழி. அடுத்த தூணிலும் ஒன்று. கதவோரத் தூணிலும், சுவரில் சாய்ந்தே காலம் தள்ளிய மூலைத் தூணிலும்கூட. முந்தின நாள் பின்னேரம் அவள் புல்லறுக்கப் போயிருந்தபோது மரம் அறுக்கிற பஸ்லி நானா வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது அவளுக்குத் தெரியும். அவருடைய ஆட்டோச் சத்தம் மேட்டுவரைக்கும் கேட்டது. அவர்தான் போட்டிருக்க வேண்டும். வேறு யார் போடப் போகிறார்கள்? மரம் அறுக்கத் தொடங்கிய அன்று, தான் பிஸ்மில்லாஹ் சொல்லி செயின் சோவை இழுக்கும் முன், "அக்கா, ஒங்கட முறைக்கு கற்பூரம் ஏதும் பத்த வைக்கிறதுன்னா பத்த வைங்கொ" என்று ஒதுங்கி நின்ற மனிதர்.

புஷ்பவதிக்கு எழுத்து வந்ததே நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான். அதுவரை சம்பளச் சீட்டில் பெருவிரல். மாதர் சங்கம் வைத்த வகுப்பில், பிள்ளைக்காம்பிராவின் தொட்டில்களை ஒரு பக்கம் ஒதுக்கிக் கட்டிவிட்டு, நிரஞ்சனி டீச்சர் எல்லாருக்கும் தாளின் தலையில் முதலில் சுழி போடச் சொல்லிக்கொடுத்தாள். அதனால் புஷ்பவதியின் கைக்குப் படிந்த முதல் எழுத்து அந்தச் சுழிதான். அ, ஆ எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இன்றைக்கும் கடைச் சாமான் துண்டு எழுதினாலும் மேலே சுழி இல்லாமல் கை ஓடாது. மிளகுக் கொடியில் ஏறி இறங்கிக் காய்த்துப்போன கை அது. வெண்கட்டியைப் பிடித்தால் மண்வெட்டியைப் பிடித்ததுபோல இறுக்கிப் பிடிக்கும்.

அந்தக் கொட்டகையை எல்லாரும் 'கொக்கோ ஸ்டோர்' என்பார்கள். அங்கே கொக்கோ காய்ந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. பல்லேபொல பக்கம் தோட்டம் துண்டு துண்டாகப் பிரிந்தபோது புஷ்பவதிக்கும் அவள் புருஷன் ஜீவராஜுக்கும் கிடைத்த துண்டு நிலத்தோடு அதுவும் சேர்ந்து வந்தது. ஓட்டுக்கூரை, பாரம் தாங்காமல் வயதான மாட்டின் முதுகுபோல நடுவில் தொய்ந்திருந்தது. கதவு நிலத்தில் உராய்ந்து உராய்ந்து கால்வட்டமாக ஒரு பள்ளமே தோண்டியிருந்தது. அதைத் திறக்கத் தோளும் வேண்டும், கெட்ட வார்த்தையும் வேண்டும் என்பான் ஜீவராஜ். போன வருசப் புயலில் ஓடைக்கரைப் பலா வேரோடு விழுந்தபோதுதான் அதைத் திருத்தலாம் என்ற நினைப்பே வந்தது. காற்றில் விழுந்த மரமென்பதால் கிராம சேவகர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பலாவை ரோட்டில் ஏற்றிக்கொண்டு போனால் பெர்மிட் எங்கே என்று கேள்விமேல் கேள்வி வருமென்று, கிடந்த இடத்திலேயே பஸ்லி நானா செயின் சோவுக்கு இரும்புச் சட்டம் மாட்டித் தூணும் விட்டமும் பலகையுமாக அறுத்துத் தந்தார். மஞ்சள் மரத்தூள் ஓடைவரைக்கும் பறந்து, புல்லெல்லாம் மஞ்சள் கொட்டின மாதிரி கிடந்தது. மாரி மழை இறங்குமுன் கொட்டகை நிமிர வேண்டும். சீனி கன்று போடுகிற நேரமும் அதுதான். இருக்கிற ஒரே மாடு. அந்தக் கூரைக்குக் கீழே அதை ஈன விட புஷ்பவதிக்கு மனசு வரவில்லை. நிமிராவிட்டால் சினையோடு விற்றுவிட வேண்டியதுதான் என்று பேச்சாகியிருந்தது.

அறுத்த மரத்தை எங்கே அடுக்குவது என்பதில்தான் வீட்டில் சண்டை மூண்டது. வெயிலில் கிடந்தால் பலா வெடிக்கும், உள்ளேதான் அடுக்க வேண்டும் என்றாள் அவள். "விழப்போற கூரைக்குக் கீழ புது மரத்த வைக்கிறியே, ஒனக்கென்ன கிறுக்கா? மாடு எங்க நிக்கும், ஒன் மடியிலயா?" என்றான் அவன். அவள் பலகை பலகையாகத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து, காற்றுப்போக இடையிடையே குச்சி வைத்து, கொட்டகையின் நடுவில் இடுப்புக்கு மேலே அடுக்கி முடித்தாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மாட்டிடம் சொன்னார்கள்.

"சீனி, ஒன் எசமானிகிட்ட சொல்லு, தேத்தண்ணியில சீனியில்லன்னு."

"சீனி, அந்தாளு வாயில நெறயக் கெடக்கு, அத அள்ளிப் போட்டுக்கச் சொல்லு."

சுழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்த புஷ்பவதி நடுத்தூணுக்கு வந்ததும் நின்றாள். அதில் சுழியில்லை, மற்றத் தூண்களுக்குப் பக்கத்தில் கொடுத்திருந்த முட்டுக்கட்டையும் இல்லை. என்ன மரமென்று யாருக்கும் தெரியாது, ஆணி இறங்காத மரம். விட்டத்தின் நடுப்பாரம் முழுவதும் அதன் தலையில்தான். எல்லாவற்றுக்கும் போட்ட மனிதர் முக்கியமானதை மறந்துவிட்டாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பலகை அடுக்கின் மேல் ஒரு வெண்கட்டித் துண்டு கிடந்தது. அதை எடுத்து, முந்தானையால் தூணைத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுழித்தாள். மற்றவற்றைவிட இது வடிவாக வந்ததுபோலிருந்தது. பிறகு சாணியை அள்ளிவிட்டுச் சீனியை ஓடைப்பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். ஜீவராஜ் அலவாங்கு இரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போக எதிரே வந்தான். இரண்டு பேரும் மாட்டைப் பார்த்தபடி ஒருவரையொருவர் கடந்தார்கள்.

சத்தம் கேட்டபோது அவள் ஓடைக்கரையில் நின்றாள். முதலில் தொம்மென்று ஒன்று, நிலமே ஒருதரம் ஏறி இறங்கினதுபோல. பிறகு ஓடுகள் சரசரவென்று வழிந்து நொறுங்குகிற சத்தம். கயிற்றை விட்டுவிட்டு ஓடினாள். மேடேறும்போது செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் தூசி எழும்பி நின்றது. கூரையின் நடுப்பாகம் ஆள் உயரத்துக்குக் கீழே வந்துவிட்டிருந்தது.

"ஏங்க!" என்று கத்தினாள். பேச்சு நின்ற நாளுக்குப் பிறகு நேராகக் கூப்பிட்ட முதல் வார்த்தை. "ஏங்க, இருக்கீங்களா! குரல் குடுங்க!"

தூசிதான் பதிலுக்கு வந்தது. ஒரு ஓடு தாமதமாக நழுவி விழுந்தது. அப்போது உள்ளேயிருந்து ஒரு இருமல். இன்னொரு இருமல்.

"சீனி..." என்றது குரல். "அவகிட்ட சொல்லு. நான் சாகல."

புஷ்பவதி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒரே வாயால் வந்தன. பின்னால் சீனி, வயிற்றைச் சுமந்துகொண்டு, ஓடுவதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல மெதுவாக மேடேறி வந்தது.

ஜீவராஜ் தவழ்ந்து வெளியே வந்தான். தலைமயிர், புருவம், மீசை எல்லாம் தூசி. நெற்றியில் ஓடு கீறின ஒரு கோடு, அவ்வளவுதான். திரும்பி உள்ளே கையைக் காட்டினான். விட்டம் இறங்கிய வேகத்தில் நேராகப் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. மேல் பலகை மட்டும் பிளந்திருந்தது. மற்றவையெல்லாம் குச்சி நகராமல் தாங்கிக்கொண்டு கிடந்தன. அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் முடங்குகிற இடம்.

"ஒன் பலகைதான் புள்ள," என்றான். மாட்டைப் பார்த்துச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் பஸ்லி நானா லொறி தூக்குகிற ஜக்கோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கூரையைப் பார்த்ததும் ஜக்கை நிலத்தில் போட்டுவிட்டு, "யா அல்லாஹ்" என்று தலையில் கை வைத்தார். இரண்டு பேரையும் உச்சி முதல் கால்வரை பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"நடுத்தூண யாரு கழட்டச் சென்ன?"

"நீங்கதான் நானா. உ போட்டதெல்லாம் உக்கினது, நான் வாறதுக்குள்ள கழட்டி வைங்கன்னு நேத்து சொல்லிட்டுப் போனீங்க."

"மத்ததுக்கெல்லாம் முட்டு குடுத்தீக்கேனே! நடுத்தூணுக்கு முட்டுமில்ல, நான் உ போடவுமில்ல!"

"போட்டிருந்திச்சு நானா. நல்லா வடிவா போட்டிருந்திச்சு."

புஷ்பவதி கிட்டே போனாள். தூண்களைப் பார்த்தாள். கழற்றிப் போட்ட தூண்களின் அடியெல்லாம் கறுத்து, பஞ்சாய் உதிர்ந்து கிடந்தது.

"உன்னா... உக்கினதா நானா?"

"வேற என்னாக்கா?"

"நான் பிள்ளையார் சுழின்னு நெனச்சேன். நடுத்தூணுக்குப் போட மறந்துட்டீங்கன்னு... நான்தான் போட்டேன்."

பஸ்லி நானா அவளைப் பார்த்தார். கிடந்த தூண்களைப் பார்த்தார். "அப்ப இந்த உக்கின மரத்துக்கெல்லாம் நான் பிள்ளையார் சுழி போட்டீக்கேனா?" என்றவர், சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் ஆட்டோவில் சாய்ந்துகொண்டார். ஜீவராஜும் சிரித்தான். சிரித்தபடியே, "இவ எழுதப் படிச்சதே என் தலையில கூரைய எறக்கத்தான்" என்றான். பிறகு அவனுடைய குரல் இறங்கியது. "அலவாங்கால தட்டிப் பாத்தேன் நானா. கணீர்னு கேட்டிச்சு. உக்கின மரம் இப்பிடிப் பேசாதேன்னு மனசுல பட்டிச்சு. ஆனா எழுதியிருக்கே. எழுதினதுக்கு மேல நான் என்னா சொல்றது?"

அந்த வார்த்தை புஷ்பவதிக்குள் எங்கேயோ போய்க் குத்தி நின்றது. வகுப்பு நடந்த காலத்தில், காட்டுப்பன்றிக்குப் பயந்து அவளைக் கூட்டிக்கொண்டுபோக அவன் பிள்ளைக்காம்பிரா வாசலில் வந்து காத்திருப்பான். உள்ளே வாங்க என்று டீச்சர் கூப்பிட்டால், எனக்கெதுக்கு என்று நகர்ந்து போய் இருட்டில் நிற்பான். மரத்தின் சத்தத்தை வைத்து அதன் உள்ளே இருப்பதைச் சொல்கிற ஆள். ஒற்றை எழுத்தைப் பார்த்ததும் தன் காதை மூடிக்கொண்டுவிட்டான். அவள் எழுந்து போய், விழுந்து கிடந்த நடுத்தூணைக் குனிந்து பார்த்தாள். சுழி அழியாமல் அப்படியே இருந்தது. முந்தானையை எடுத்து அழிக்கப் போனாள்.

"விடு," என்றான் ஜீவராஜ். "அது இருக்கட்டும். அதுக்குக் கீழ வேற ஏதாச்சும் எழுது. யாராச்சும் திரும்பவும் கழட்டப் போறாங்க."

"'நல்ல மரம்'ன்னு எழுதுங்கக்கா," என்றார் பஸ்லி நானா.

அவள் எழுதினாள். ல்லுக்குப் புள்ளி வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து எழுதினாள். ஜீவராஜ் பக்கத்தில் குந்தியிருந்து, எழுத்து ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பலகை அடுக்கின் மேலேயே ஜக்கை வைத்தார்கள். பஸ்லி நானா பிடியை அழுத்த அழுத்த, விட்டம் முனகிக்கொண்டு மேலே ஏறியது. ஓட்டுத் துண்டுகள் சொரிந்தன. கூரை தொய்வுவிட்டு நேராகி, அதற்கும் கொஞ்சம் மேலே வந்ததும் நடுத்தூணைத் தூக்கி அதன் பழைய கல்லில் நிறுத்தினார்கள். ஜக்கை இறக்கியபோது பாரம் தூணின் தலையில் வந்து உட்கார்ந்தது. ஜீவராஜ் காதை மரத்தில் வைத்து, கைமுட்டியால் தட்டினான். தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு புதுப் பலாத் தூண்களும், தொய்ந்த விட்டத்துக்குத் துணையாகப் பலா விட்டமும் ஒவ்வொன்றாக இடத்துக்குப் போயின. இருட்டுக்கு முன்னால் ஓடும் ஓரளவு அடுக்கியாகிவிட்டது. ஜீவராஜ் கதவிடம் போய், பழக்கதோஷத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். கதவு எந்தத் தடையுமில்லாமல் ஓடிப்போக, அவன் விழப் பார்த்தான். திரும்ப வந்து ஒரு விரலால் சாத்தினான். திறந்தான். மறுபடி சாத்தினான்.

"போதுங்க, கழண்டு வந்துடப் போவுது," என்றாள் புஷ்பவதி.

நாலந்தாப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சீனியை உள்ளே விட்டார்கள். அது புது மரத்தின் வாசனையை முகர்ந்து பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றி, நடுத்தூணில் வலது விலாவை வைத்து நிதானமாக உரசியது. கண்ணை மூடிக்கொண்டு உரசியது. தூண் அசையவில்லை. அது விலகி நின்றபோது, செம்பட்டை மயிரில் வெள்ளையாக, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் திரும்பிப் போன ஒரு சுழி ஒட்டியிருந்தது.

"அக்கா, இனி மாட்டையும் கழட்டச் செல்லுவாங்களோ?" என்றார் பஸ்லி நானா.

மேலே ஓட்டில் முதல் துளிகள் விழுகிற சத்தம் கேட்டது. மூவரும் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு, பிறகு மாட்டின் விலாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே கன்று புரண்டது. தோலின்மேல் சுழி மெல்ல எழும்பி, அடங்கி, மறுபடி எழும்பியது.