நோட்டில் பன்னிரண்டாவது வரி

அந்த நோட்டில் மொத்தம் பன்னிரண்டு வரி. எழுதியது அக்கா, சொன்னது தம்பி. சொன்னது என்றால் வாயால் அல்ல. அவனுக்குப் பேச்சு போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நரம்பைத் தின்கிற நோய் முதலில் காலை வாங்கிக்கொண்டது, அப்புறம் கையை, அப்புறம் நாக்கை. போனால் போகிறதென்று விட்டுவைத்தது இரண்டு கண்களையும் வலது ஆள்காட்டி விரலையும்தான். அந்த விரலுக்கு அடியில் ஒரு வட்டப் பொத்தான் இருக்கும். கம்ப்யூட்டர் திரையில் எழுத்து வரிசைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாக மின்னிக்கொண்டு போகும். வேண்டிய இடத்தில் அழுத்தினால் எழுத்து விழும். ஒரு வாக்கியம் சேர்ந்ததும் ஸ்பீக்கர் அதை வாசிக்கும், ரயில் வருவதை அறிவிக்கிற குரலில்.

அந்தக் குரலிலும் அவனுக்கு வாய்க்கொழுப்பு குறையவில்லை. "அக்கா, உன் குறட்டைக்கு ஒரு வால்யூம் பட்டன் வைக்கணும்" என்று சொல்வதற்காக ஒரு காலைப்பொழுது முழுவதும் செலவழித்தவன் அவன்.

நோய் வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் மெக்கானிக். பல்லிடுக்கில் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டே வேலை பார்ப்பதால் தெருவே அவனை ஸ்க்ரூ என்றுதான் கூப்பிடும். பழுது என்று யார் வந்தாலும், பெட்டியைத் திறப்பதற்கு முன் அவரைச் சற்று எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து கீபோர்டைத் தட்டிப் பார்ப்பான். கோளாறு பெட்டியிலா ஆளிடமா என்று முதலில் தெரிய வேண்டுமாம். சரிசெய்து மூடியதும் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "வேலை சுத்தம்" என்பான்.

இப்போது அவனுக்கு வாயாக இருக்கிற பெட்டியே மக்கர் பண்ணியது. முன்பக்கத்து யூஎஸ்பி போர்ட் இரண்டும் செத்துப்போயின. பின்பக்கத்தில் நான்கு. அதில் மூன்றில் மவுஸைச் செருகினால் வெளிச்சம் வந்து வந்து போயிற்று. உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று, பொத்தானின் வயர் அதில்தான். சில நாட்களாக அதுவும் சரியில்லை. வரிசை மின்னிக்கொண்டு போகும், அவன் அழுத்துவான், எழுத்து விழாது. மறுபடி ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று. "அக்கா" என்று கூப்பிடவே கால் மணி நேரம் ஆயிற்று.

"எல்லாம் இந்தப் பாழாப்போன போர்ட்டால வர்றது!" என்று அவள் பெட்டியைத் திட்டித் தீர்த்தாள். பள்ளிச் சீருடை தைக்கிறவள். மெஷினில் தையல் விட்டால் ஊசியைப் பார்ப்பாள், நூலைப் பார்ப்பாள். இதில் எந்தக் கண்றாவியைப் பார்ப்பது?

தம்பிதான் வழி சொன்னான். பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கிற ஃபர்ம்வேர் என்கிற மென்பொருள் பழசு, அதைப் புதுப்பித்தால் போர்ட்கள் எழுந்துகொள்ளும் என்றான். எப்படி என்று நான்கு நாள் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். முதல் வரி, மாடல் நம்பரை இரண்டு தரம் சரிபார். ஐந்தாவது, பரணில் உருண்டை முனை வைத்த பழைய கீபோர்டு இருக்கிறது, அதற்கு யூஎஸ்பி போர்ட் வேண்டாம், அதை மாட்டு. ஏழாவது, பேட்டரி பேக்கப் இல்லாமல் ஆரம்பிக்காதே, நடுவில் கரண்ட் போனால் பெட்டி காலி. பன்னிரண்டாவது, முடிந்ததும் பொத்தானை முதலில் நீ அழுத்து, அப்புறம் நான்.

"நான் எதுக்குடா அழுத்தணும்?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. இன்றைக்குப் போர்ட் ரொம்ப மோசம் என்று நினைத்துக்கொண்டாள்.

தையற்கடை முதலாளியின் மகள் புது ஃபர்ம்வேர் ஃபைலைத் தன் கம்ப்யூட்டரில் இறக்கி, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல போர்ட் ஒன்றுதான் என்பதால் பொத்தானைப் பிடுங்கித்தான் பென்டிரைவைச் செருக வேண்டும்.

"பத்து நிமிஷம் வாயை மூடிட்டு இரு. உன் ஜென்மத்துலயே இதுதான் முதல் தடவை."

அவன் கண்கள் சிரித்தன.

பெட்டியை அணைத்துக் கீபோர்டை மாட்டி, மறுபடி உயிர்கொடுத்து, நோட்டில் சொல்லியிருந்த கீபோர்டு கட்டையை விடாமல் தட்டினாள். நீலத் திரை வந்தது. ஃபைலைத் தேர்ந்தெடுத்து, கண்ணை மூடிக்கொண்டு என்டரை அழுத்தினாள். வெள்ளைக் கோடு ஒன்று மெல்ல நீண்டது. முப்பது சதவீதத்தில் மாடி வீட்டுக்காரர்கள் தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். ட்யூப்லைட் துடித்தது, பேக்கப் பெட்டி கீச்சென்று கத்தியது. அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இது செத்தால் இவன் என்னிடம் எப்படிப் பேசுவான், ஐயோ, எப்படிப் பேசுவான் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கோடு நூறைத் தொட்டு, பெட்டி தானாக அணைந்து, தானாக எழுந்தபோதுதான் அவளுக்குப் போன உயிர் வந்தது.

மவுஸை ஒவ்வொரு போர்ட்டாகச் செருகிப் பார்த்தாள். செத்துப்போன முன்பக்கத்து இரண்டிலும்கூடச் சிவப்பு வெளிச்சம் அசையாமல் நின்றது. "ஆறும் எழுந்துடுச்சுடா!" என்று கூவினாள். பொத்தானை மாட்டி, நோட்டில் சொன்னபடி தானே அழுத்தினாள். எழுத்து விழுந்தது. மூன்று தரம் அழுத்தினாள், மூன்று தரமும் விழுந்தது.

"இப்ப நீ."

அவன் விரலுக்கு அடியில் பொத்தானை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். வரிசைகள் மின்னிக்கொண்டு போயின. ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது சுற்றில்தான் அவள் திரையை விட்டு விரலைப் பார்த்தாள்.

விரல் அசையவில்லை. அவன் நெற்றி வியர்த்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, அத்தனை பலமும் சேர்ந்து அந்த ஒரு விரலை ஒரு நூல் அளவுகூட இறக்கவில்லை.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டாவது வரி புரிந்தது. கடைக்கு வந்தவரை எழுப்பிவிட்டுத் தான் தட்டிப் பார்ப்பவன், இங்கே அவளைத் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் அவள் போர்ட்டைத்தான் திட்டினாள், விரலை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

"வயர்தான்டா கோளாறு. நாளைக்கே புதுசு வாங்கிட்டு..."

அவன் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டினான். இரண்டு என்றால் இல்லை.

அந்த விரலை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவன் கண்ணிலும் நீர் வழிந்தது, துடைத்துவிட்டாள். வெகுநேரம் கழித்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத்துகளை வரிசையாக எழுதினாள், தையல் அளவு எழுதுகிற அதே குண்டு எழுத்தில்.

"நான் ஒவ்வொண்ணா தொடுறேன். சரின்னா ஒரு சிமிட்டு. என்ன?"

ஒரு சிமிட்டு.

வரிசை வரிசையாகத் தொட்டாள். தப்பானது, திருத்தினாள், மறுபடி தொட்டாள். "வேலை" என்று வந்தது.

"வேலைக்கா? அதெல்லாம் நாளைக்குப் போவேன், நீ கவலைப்படாதே."

இரண்டு சிமிட்டு. அவள் மீண்டும் முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். சு. த். த. கடைசி எழுத்துக்கு விரலைக் கொண்டுபோகும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் சிமிட்டும்வரை காத்திருந்தாள்.

பிறகு எழுந்துபோய், அவனுக்காகப் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.