போட்டோவில் இல்லாத பெருக்கல் குறி

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஒரே அடுப்படியில் ஒத்துவராது. ஊருக்கே தெரிந்த விஷயம், மறைத்துப் பயனில்லை. நான் குக்கரை அடுப்பில் ஏற்றினால் அவர் வந்து தீயைக் குறைப்பார். ஏன் என்று கேட்டால், "கருகிடும்னு பாத்தேன்" என்பார். கருகியதா என்று நான் கேட்க, கருகியிருக்கும் என்று அவர் சொல்ல, வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் என் வீட்டுக்காரர். அதனால் பழைய ரயில் நிலையத்தில் நாத்தனாருக்கு ஒரு கேன்டீன் கிடைக்கக்கூடும் என்று தெரிந்தபோது, அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

அந்த ரயில் நிலையம் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தது. ரயில் ஓடும், நிற்காது. ஏறி இறங்க ஆளில்லை என்று நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். வாசலில் ஒரு காவலாளி தடியோடு உட்கார்ந்து, எட்டிப் பார்ப்பவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் நகராட்சிக்கு ஞானம் பிறந்தது. பயணிகள் காத்திருந்த கூடத்தில் இனி பாட்டும் நடனமும், பார்சல் ரூமில் டேபிள் டென்னிஸ், ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் படிப்பகம், டிக்கெட் கொடுத்த அறையில் கேன்டீன். மரவேலை எனக்கு வந்தது. நான் தச்சு வேலைக்காரி. ஊரில் பாதிக் கதவுகள் நான் மாட்டியவை. மீதிப் பாதி ஒழுங்காகச் சாத்தாது. பெயின்ட் வேலை என் வீட்டுக்காரருக்கு.

எங்களை மேய்த்தவர் ஓர் ஆர்க்கிடெக்ட். கெட்டிக்காரர், நல்ல மனசு. ஆனால் கையில் எப்போதும் ஒரு பழைய போட்டோ இருக்கும், நிலையம் கட்டிய புதிதில் எடுத்தது. அதில் இருப்பது இருக்க வேண்டும், இல்லாதது போக வேண்டும், அவ்வளவுதான் சட்டம். நாங்கள் அவருக்குப் போட்டோ மேடம் என்று பெயர் வைத்தோம். அது அவர் காதுக்கும் போனது, கோபித்துக்கொள்ளவில்லை. கதவுகளில் பூச்சுக்கு மேல் பூச்சாக இருந்த பச்சை, நீலம், சாம்பல் எல்லாவற்றையும் சுரண்டச் சொன்னார். அடியில் தேன் நிறத்தில் தேக்கு தெரிந்த அன்று, திட்டிக்கொண்டே சுரண்டிய நானும் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

டிக்கெட் கொடுக்கும் பொந்தில்தான் சண்டை வந்தது. போட்டோவில் அது இருந்ததால் அதைப் பெரிதாக்கக் கூடாது என்றார் மேடம். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இந்தப் பொந்து வழியாவா டீ குடுக்கணும்? கப்ப வெளிய விட்டா சாஸர் வராது. சாஸர விட்டா கப்பு வராது."

"அது பாரம்பரியம்க்கா," என்றார் மேடம்.

"டீ ஆறிப்போறதுக்கு இப்படி ஒரு பேரா?"

கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். பக்கத்துக் கதவை இடுப்பளவில் குறுக்கே அறுத்து, கீழ்ப்பாதியின் மேல் ஒரு பலகை போட்டேன். மேல்பாதியைச் சாத்தினால் போட்டோ, திறந்தால் கடை. மேடத்துக்கும் திருப்தி. நாத்தனார் பலகையைத் தட்டிப் பார்த்து, "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் வைர மோதிரம் வந்தது போல.

அவர் இவ்வளவு பாடுபடக் காரணம் இருந்தது. வாழ்நாளெல்லாம் இன்னொருவர் கேன்டீனில் வெந்தவர் அவர். ஒரு சாயங்காலம், "நாளையிலேர்ந்து வர வேணாம்" என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். "இனிமே ஒருத்தர் கீழ நின்னு கரண்டி பிடிக்க மாட்டேன்" என்று அவர் சொன்னபோது குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நகராட்சித் தலைவரோ பிடிகொடுக்காத மனிதர்.

"திறப்பு விழா அன்னைக்குப் பாப்போம்மா. ஜனங்க வந்தா கேன்டீன் உங்களுக்கு. வரலன்னா, ஒரு பெரிய ஓட்டல்காரர் கேட்டுட்டே இருக்காரு."

பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு கைகாட்டி மரம் இருந்தது. அந்தக் காலத்தில் ரயிலுக்கு நில், போ என்று காட்டிய இரும்புக் கம்பம், உச்சியில் ஒரு நீளக் கை. துருவேறித் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையின் மேல் யாரோ இரண்டு பலகைகளைப் பெருக்கல் குறி மாதிரி அடித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே குரல் கொடுத்தார்.

"மேடம், இங்க குறுக்கும் நெடுக்குமா பலகை இருக்கு. என்ன பண்ண?"

மேடம் போட்டோவைப் பார்த்தார். "இதுல இல்லையே."

"அப்ப எடுத்துடவா?"

"எடுத்துடுங்க. கை நேரா நீட்டின மாதிரி நிக்கணும், போட்டோல அப்படித்தான் இருக்கு."

எடுத்துவிட்டார். பலகை நல்ல மரம், விடுவேனா? கேன்டீனில் கேக் அடுக்கும் தட்டாக்கிவிட்டேன். கைகாட்டியை அவர் சுரண்டி, எண்ணெய் போட்டு, ரத்தச் சிவப்பில் பெயின்ட் அடித்து, கையை நேராக நீட்டி முடுக்கி, தூசி படாமல் சாக்குச் சுற்றி வைத்தார். திறப்பு விழாக் காலையில்தான் சாக்கைப் பிரித்தார். பார்க்க அவ்வளவு அழகு. அவர் கழுத்து வலிக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிப்பன் வெட்டியாகிவிட்டது. தலைவர் பேசியாகிவிட்டது. கூடத்தில் நாங்கள் இருந்தோம், நகராட்சி ஆட்கள் சிலர் இருந்தார்கள், வேறு ஈ காக்கை இல்லை. கூட்டம் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. ஆனால் கேட்டுக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தது. காவலாளியும் இல்லை, தடியும் இல்லை, ஆனாலும் ஒருவர் கால் கூடக் கேட்டைத் தாண்டவில்லை. நானே போய்க் கூப்பிட்டேன்.

"உள்ள வாங்க, எல்லாருக்கும்தான்."

"பரவால்லம்மா, நாங்க இங்கேர்ந்தே பாக்குறோம்," என்றார் ஒரு தடித்த ஆசாமி. "தரை பளபளன்னு இருக்கு. நாங்க வந்தா அழுக்காயிடும்."

"அழுக்கானா துடைச்சுக்கலாம்."

"பாஸ் ஏதும் வேணுமா?" என்றார் பக்கத்தில் ஓர் அம்மா.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒவ்வொருவராகத் தரதரவென்று இழுத்துப் போயிருப்பேன். திரும்பி வந்தால், அரைக் கதவுக்குப் பின்னால் நாத்தனார் நின்றிருந்தார். பன், அவித்த முட்டை, கேக் எல்லாம் அடுக்கி, பெரிய பாத்திரத்தில் டீ தயார். தலைவருக்கு ஒரு கப் நீட்டினார். அவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு வாட்சைப் பார்த்தார். ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லும் என் நாத்தனார் நீட்டிய கையை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டார். கப்பைத் திரும்ப வைத்தார்.  என் அடுப்படியைப் பற்றிய நினைப்பே அப்போது இல்லை, இந்த மனுஷி மறுபடி தோற்கக் கூடாது என்றுதான் இருந்தது.

அப்போதுதான் ரயில் சத்தம் கேட்டது. அது வழக்கமாகத் தடதடவென்று கடந்து போகிற ரயில். ஆனால் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பிரேக் கிறீச்சிட்டது. எங்கள் பிளாட்பாரத்தை ஒட்டி, பெட்டி பெட்டியாக, முழு ரயிலும் நின்றது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

டிரைவர் தலையை நீட்டினார். "ஸ்டேஷன் மாஸ்டர் எங்கங்க?"

"ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் இருக்குங்க," என்றார் என் வீட்டுக்காரர். "உள்ள புத்தகம்தான் இருக்கு."

"அப்ப யாரு வண்டிய நிறுத்தச் சொல்லிக் கைய நீட்டி வெச்சது?"

"அது... போட்டோல அப்படித்தான் இருந்துச்சு," என்றார் மேடம். கையிலிருந்த போட்டோவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

டிரைவர் பொறுமைசாலி. "ஓஞ்சுபோன கைகாட்டின்னா மேல பெருக்கல் குறி மாதிரி பலகை அடிச்சிருக்கணும்ங்க. அது இருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன். இல்லன்னா நான் அத மதிச்சாகணும். கன்ட்ரோலுக்குச் சொல்லிட்டேன். ஆள் வந்து பாத்து, போலாம்னு சொல்ற வரைக்கும் வண்டி நகராது."

மேடம் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் கேக் தட்டைப் பார்த்தேன்.

"ரயிலயே நிறுத்திட்டீங்களேய்யா," என்று தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.  ஒரு ஜன்னலிலிருந்து ஒருவர் கேட்டார்: "இது என்ன ஸ்டேஷனுங்க? டீ கிடைக்குமா?"

"கிடைக்கும்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

நாத்தனார் விறுவிறுவென்று வெளியே வந்தார். பிளாட்பாரத்து ஓரம் நாங்கள் போட்டிருந்த கம்பி வேலியின் கேட் கொண்டியைத் தூக்கினார்.

"அம்மா, இருங்க, இதுக்கு அனுமதி..." என்றார் தலைவர்.

"வண்டி நின்னா ஜனங்க டீ கேப்பாங்க சார். அதுக்கு எங்க போயி அனுமதி வாங்கறது?"

ரயில் பயணிகளுக்குக் கூச்சம் ஏது? நிலையம் என்றால் தங்கள் வீடு. திமுதிமுவென்று இறங்கினார்கள், குழாயில் முகம் கழுவினார்கள், கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஒரு வழுக்கைத் தலைக்காரர் டேபிள் டென்னிஸ் மட்டையை எடுத்து, முன்பின் தெரியாத ஒருவரை ஆட்டத்துக்கு இழுத்தார். இன்னொருவர் நான் பாலிஷ் போட்ட பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்து, உடனே குறட்டை விட்டார். என் பெஞ்சுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு யார் தருவார்? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கேட்டுக்கு வெளியே முணுமுணுப்பு எழுந்தது. தரை அழுக்காகும் என்ற அதே ஆசாமிதான் முதலில் பொங்கினார்.

"எங்கேர்ந்தோ வந்தவன் நம்ம ஸ்டேஷன்ல தூங்குறான். நாம என்னடான்னா ரோட்டுல நிக்கிறோம்."

சொல்லிவிட்டு உள்ளே வந்தார். பாஸ் கேட்ட அம்மா வந்தார். அப்புறம் கேட்டில் நிற்க இடமில்லை. சண்டைக்கு வருவது போலத்தான் வந்தார்கள். அரைக் கதவின் முன்னால் ரயில்காரர்களும் ஊர்க்காரர்களும் முண்டியடித்தார்கள். நாத்தனார் கரண்டியால் பலகையைத் தட்டினார்.

"வண்டியில போறவங்க முன்னால வாங்க. உள்ளூர்க்காரங்க எங்க ஓடப் போறீங்க? உக்காருங்க, வரும்."

உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தார்கள். நான் உள்ளே போய்க் கப் கழுவினேன். "நல்லா அலசு" என்றார் நாத்தனார். வேறு நாளாக இருந்தால் நடப்பதே வேறு. வாயை மூடிக்கொண்டு அலசினேன்.

ரயில்வே அதிகாரி ஜீப்பில் வந்து, மேடத்தையும் என் வீட்டுக்காரரையும் நிற்கவைத்துத் திட்டித் தீர்த்தார். திட்டி முடித்ததும் டீ கேட்டார். என் வீட்டுக்காரர் புதுச் சட்டையோடு ஏணியில் ஏறி, கேக் தூள் ஒட்டியிருந்த பலகைகளைப் பழைய இடத்தில் அடித்தார். டிரைவர் ஹாரன் அடிக்க, பயணிகள் வாயில் பன்னோடு ஓடினார்கள். எங்கள் கப்புகள் சிலவும் அவர்களோடு ஊர் பார்க்கப் போயின.

ரயில் போனதும் கூடம் காலியாகிவிடும் என்று எனக்குத் திக்கென்று இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மட்டை இப்போது ஊர்க்காரர் கையில். படிப்பகத்தில் இரண்டு பெண்கள் ஒரே பத்திரிகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தடித்த ஆசாமி எல்லாருக்கும் கட்டடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார், தானே கட்டியது போல.

தலைவர் அரைக் கதவுக்கு வந்தார். "எனக்கு ஒரு டீ குடுங்கம்மா."

நாத்தனார் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார். "தீந்துடுச்சு சார்."

"ஒரு பன்னாவது?"

"அதுவும் இல்ல. அப்ப நீட்டினேன், வேணாம்னுட்டீங்க."

தலைவர் சிரித்துவிட்டார். கூடத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். நான் ஈரக் கப்போடு அசையாமல் நின்றேன்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கடை திறப்பீங்க?" என்று கேட்டார்.

 நாத்தனார் துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"விடிஞ்சதும் திறந்துடுவேன் சார்," என்றார். 

தலைவர் தலையாட்டிவிட்டுப் போனார். நாத்தனார் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன பாத்துட்டு நிக்கிற? போயி நாளைக்குப் பாலுக்குச் சொல்லிட்டு வா. இன்னைக்கு மாதிரி ரெண்டு மடங்கு வேணும்."

போனேன். அவர் ஏவிய வேலைக்கு நான் சந்தோஷமாகப் போனது அதுதான் முதல் தடவை.