பெயர் சொல்லிச் செய்த மறியல்

நாங்கள் செய்தது மறியல். யார் என்ன சொன்னாலும் அதை வேறு பெயரால் சொல்ல மாட்டேன்.

கடலூர் ரசாயன ஆலைக்குப் பக்கத்தில்தான் என் அம்மா வீடு. அந்த நாற்றத்தில் ஒரு வாய் சோறு இறங்காது. மனு கொடுத்துச் சலித்துப்போய், 2011இல் ஒரு காலை, சிதம்பரத்தில் என் கணவர் இளவரசு நடத்திய பிரவுசிங் சென்டரில் அம்மா ஊர்க்காரர்களும் நானும் கூடினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆலையின் இணையதளத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தோம். அன்று முழுக்கத் தளம் படுத்துவிட்டது.

சாலை மறியல் மாதிரியே முன்கூட்டியே போலீசுக்குப் போன் செய்து, என் பெயரையும் சொல்லியிருந்தேன். பிடித்தால் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, மதியம் சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவார்கள் அல்லவா? விசிறியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பை தயாராக இருந்தது. மண்டபமும் இல்லை, சாதமும் இல்லை. ஹேக்கிங் வழக்குத்தான் வந்தது.

அடுத்த வாரம் யாரோ என் போட்டோவையும் செல் நம்பரையும் ஓர் ஆபாசத் தளத்தில் போட்டார்கள். அதிலிருந்து போன் ஓயவில்லை. எடுத்தால் காது கூசும்.

“நம்பரை மாத்திடு ஸ்ரீமதி” என்றார் என் கணவர்.

“எதுக்கு மாமா? போட்டவன் ஜாலியா திரிவான், நான் ஒளியணுமா?”

எந்த இணையத் தாக்குதலால் எவ்வளவு பாதிப்பு என்று விசாரித்துச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய டில்லியிலிருந்து ஒரு குழு கடலூர் வந்தது. நானே போய் நின்றேன். தலைவர் சூர்யநாராயணன் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“தளத்தை முடக்கறது பெரிய பாதிப்பும்மா. உங்க போட்டோ விஷயத்துல எதுவும் திருடு போகலையே. அது சின்னதுதான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவுங்க தளம் மறுநாளே எழுந்துடுச்சு சார். நான் இன்னும் எழுந்திரிக்கலை. எனக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன். நான் பேரைச் சொல்லிட்டு செஞ்சேன். அவன் சொன்னானா?”

அப்போது என் செல் அடித்தது. தெரியாத நம்பர். மேஜைமேல் அவர் முன்னால் வைத்தேன்.

“எடுங்க சார்.”

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்து நின்றது. உடனே மறுபடியும் அடித்தது. அவர் மேஜையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சின்னதுதானே சார்,” என்றேன். “எடுத்துப் பேசுங்க.”