மேற்பார்வையாளர் அழைத்ததனால்

1

இந்தக் கதை ஒரு கல்வெட்டில் இருந்து தவறி விழுந்தது. கல்லில் வெட்டுகிற கல்வெட்டு அல்ல. எங்கள் பக்கத்தில் ஆள் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கிற சிறு புத்தகத்துக்கும் அதுதான் பெயர். முகப்பில் படம், உள்ளே வம்ச விபரம், நாலு வெண்பா, கடைசிப் பக்கத்தில் நன்றி. திருகோணமலைப் பட்டினத்தில் அதை எழுதிக் கொடுக்கிற இரண்டு பேரில் நான் ஒருவன். இருநூறு பேருக்கு மேல் எழுதியிருப்பேன். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை.

1981 ஆவணியில், பாக்கியரத்தினத்தின் மகள் புஷ்பவதி ஒரு பழைய சூட்கேஸைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "அப்பாவின்ர கடுதாசி எல்லாம் இதுக்குள்ள கிடக்கு. நல்லதாப் பார்த்து எழுதுங்கோ" என்றாள்.

நல்லதாகப் பார்த்து எட்டுப் பக்கம் எழுதினேன். பந்தியில் இருந்தவர்கள் கண் கலங்கினார்கள் என்று கேள்வி. ஆனால் சூட்கேஸின் அடியில், ஒரு கடித உறைக்குள், நாலு தாள்கள் இருந்தன. அவற்றுக்குக் கல்வெட்டில் இடம் இல்லை. இது அந்த நாலு தாள்களின் கதை.

2

எப்படித் தொடங்குவது?

முதல் தொடக்கம்: "கொட்டியாரக் குடாவின் நீலத்தில் அன்று காலை வெயில்" — வேண்டாம். பாக்கியரத்தினத்தின் அலுவலகக் கதிரை கடலுக்கு முதுகு காட்டித்தான் போட்டிருந்தது.

இரண்டாம் தொடக்கம்: "பாக்கியரத்தினம் ஒரு நேர்மையான மனிதர்." இது கல்வெட்டு வசனம். பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

மூன்றாவதாக அவருடைய வேலையில் இருந்தே தொடங்குகிறேன். பாக்கியரத்தினம் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குத் துறைமுகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர். 1966இல் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பனி ஒன்று அவரை மக்கள் தொடர்பு உத்தியோகத்தராக எடுத்தது. (கம்பனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது இன்று இல்லை.) அப்படி ஒரு உத்தியோகம் உண்டென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தொழிலாளர்கள் கேட்டபோது, உங்களைப் பற்றி வெளியாருக்கும் கம்பனியைப் பற்றி உங்களுக்கும் சொல்லுவதுதான் என் வேலை என்று விளக்கினார். அவர்கள் யோசித்துவிட்டு அவருக்கு 'நோட்டீஸ் ஐயா' என்று பெயர் வைத்தார்கள்.

அவர் அந்த வேலையைக் காதலித்தார் என்றுதான் சொல்லவேண்டும். லண்டனில் இருந்து அந்தத் தொழிலுக்கென்றே வருகிற மாதச் சஞ்சிகை ஒன்றைச் சொந்தச் செலவில் தருவித்தார். கப்பல் தபாலில் மூன்று மாதம் பிந்தி வரும். வந்த அன்றே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு வாசிப்பார். உலகத்தில் அந்தத் தொழில் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, மூன்று மாதம் கழித்துத் திருகோணமலையும் அந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். தொழிலாளருக்கு மாதப் பத்திரிகை வேண்டும் என்று சஞ்சிகை சொன்னது. நாலு பக்கத்தில் ஒன்று தொடங்கினார். குடும்பங்களை அழைத்து வேலைத்தலத்தைக் காட்டவேண்டும் என்றது. பிள்ளைகளுக்கு விசுக்கோத்தும் சோடாவும் கொடுத்து லோஞ்ச் படகில் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டினார். செய்தி, கம்பனி வாசலோடு நின்றுவிடக் கூடாது, தொழிலாளி வாழ்கிற இடத்துக்கே போகவேண்டும் என்றது. துறைமுக வாசலிலும் மூதூர் இறங்குதுறையிலும் கிண்ணியாத் துறையடியிலும் கண்ணாடிக் கதவு வைத்த அறிவித்தல் பலகைகளை நட்டார்.

(இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வருகிறது. இத்தனை ஆசையோடு ஒருவர் அடுத்தவனின் மாதச் சஞ்சிகையை வாசிப்பாரா? சூட்கேஸில் இருந்த அவருடைய நாட்குறிப்பைத் திரும்பப் பார்த்தேன். வாசித்திருக்கிறார். "இன்று சஞ்சிகை வந்தது. மனம் நிறைந்தது." நானாக எழுதியிருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

3

முனாப் இறந்தது 1974 ஆடி மாதம்.

முனாப் கிண்ணியாக்காரன். முப்பத்திரண்டு வயது. அவனைக் கம்பனியில் சேர்த்துவிட்டவன் அவனுடைய மச்சான் ஸுஹைர். ஸுஹைரின் தங்கை உம்மு குல்சும்தான் முனாபின் மனைவி. மச்சான்மார் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பார்ஜில் வேலை செய்து, ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். பார்ஜ் என்பது கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குக் கொண்டுபோகும் இரும்புத் தட்டைப் படகு. அதன் அடியில் மூடிய தாங்கிகள் இருக்கும். மூடிக் கிடக்கிற இரும்பில் கறள் பிடிக்கும்போது உள்ளே இருக்கிற நல்ல காற்றைக் கறள் தின்றுவிடும். அதனால், தாங்கிக்குள் ஆள் இறங்குவதென்றால் முதல் நாளே மூடியைத் திறந்து காற்றாட விடவேண்டும். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டி, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் மேலே நிற்கவேண்டும்.

அன்றைக்குக் கப்பல் ஒன்று அவசரமாகக் காத்து நின்றது. மூடியைத் திறந்த அரை மணித்தியாலத்தில் முனாபை இறங்கச் சொன்னார்கள். ஸுஹைர் மேலே கயிறோடு நின்றான். சற்று நேரத்தில் மேற்பார்வையாளர் பார்ஜின் அடுத்த முனையில் இருந்து ஒரு வடத்தை இழுக்க அவனைக் கூப்பிட்டார். வர ஏலாது, மச்சான் உள்ளுக்கு நிற்கிறார் என்று ஸுஹைர் சொன்னதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டது அதட்டல். அவன் கயிற்றை ஒரு கொளுக்கியில் சுற்றிவிட்டுப் போனான். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. திரும்பி வந்து முனாபின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு கயிற்றை இழுத்தான். பாரமாக இருந்தது. தானும் குதிக்கப் போனவனை மற்றவர்கள் கட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள்.

இந்தப் பகுதியை நான் மூன்று முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஸுஹைர் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நினைத்தான் என்று எழுதப் பார்த்தேன். அவன் வட—

விட்டுவிட்டேன். அது எனக்குத் தெரியாது.

4

அன்று பின்னேரம் பாக்கியரத்தினம் அறிக்கை எழுத உட்கார்ந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கெட்ட செய்தியை மறைக்கிற காலம் போய்விட்டது, முதல் நாளே முழுவதையும் சொல்லுகிற நிறுவனத்தைத்தான் இனிச் சனம் நம்பும் என்று. அதில் அவர் இரட்டைக் கோடு போட்டிருந்தார். பார்ஜுக்குப் போய் நாலு பேரையும் விசாரித்துக்கொண்டு வந்து எழுதினார்.

முதல் தாள்: "மேலே காவலுக்கு நின்ற தொழிலாளி, மேற்பார்வையாளர் அழைத்ததனால், தன் இடத்தை விட்டு அகன்றிருந்த வேளையில், முதல் நாளே திறந்து காற்றாட விடப்படாத தாங்கியினுள் இறங்கியிருந்த திரு. முனாப் மூச்சடைத்து உயிர் நீத்தார்."

இரண்டாம் தாளில், மனேஜரின் சிவப்புப் பென்சில் 'முதல் நாளே திறந்து காற்றாட விடப்படாத' என்பதை வெட்டியிருக்கிறது. மூன்றாம் தாளில் அதே பென்சில் 'மேற்பார்வையாளர் அழைத்ததனால்' என்ற இரண்டு சொற்களை வெட்டியிருக்கிறது. பாக்கியரத்தினம் மறுத்தார். கட்டுரையைக் கொண்டுபோய்க் காட்டினார். மனேஜர் அதை வாசித்துப் பார்த்துவிட்டு, லண்டனில் மழை பெய்தால் இங்கே நாங்கள் குடை பிடிக்கவேண்டுமா என்று கேட்டாராம். பிறகு சாந்தமாக, "இதில ஒரு பொய் இருந்தால் காட்டுங்கோ, அதையும் வெட்டுறன்" என்றார்.

பாக்கியரத்தினம் தேடிப் பார்த்தார். பொய் ஒன்றும் இருக்கவில்லை.

நாலாம் தாளைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அதில் சிவப்புப் பென்சில் இல்லை. இருப்பது அவருடைய நீல மை. 'மேலே காவலுக்கு நின்ற தொழிலாளி' என்பதை அவரே வெட்டி, 'மேலே காவலுக்கு நின்ற திரு. ஸுஹைர்' என்று எழுதியிருக்கிறார். ஏன்? அதே கட்டுரையில் இன்னோர் இடத்திலும் கோடு இருக்கிறது: பெயர்களைச் சொல்லுங்கள், பெயர் இல்லாத இடத்தில் வதந்தி புகும். முழுவதையும் சொல்லவிடாத இடத்தில், அந்தக் கட்டுரையில் ஒரு பகுதியையாவது நிறைவேற்றுவோம் என்று அவர் நினைத்திருக்கலாம். வேறு எப்படி நினைத்திருந்தாலும் எனக்கு அது விளங்கவில்லை.

கையெழுத்து வைத்தார். மூன்று பலகைகளிலும் மறுநாள் காலை ஒட்டச் செய்தார்.

5

கிண்ணியாத் துறையடியில் அக்கரைக்குப் போகும் பாதைப் படகுக்குக் காத்து நிற்கிற சனம் முழுவதும் அதை வாசித்தது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. உம்மு குல்சும் இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இருக்கிற காலம் அது. அவள் துறையடிக்குப் போகவில்லை. நோட்டீஸ் அவளிடம் வந்தது. அயல் வீட்டுப் பெண் எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்துகொண்டு வந்து சொன்னாள்.

மூன்றாம் நாள் ஸுஹைர் தங்கையைப் பார்க்கப் போனான். அவள் தமையனிடம் ஒன்றுதான் கேட்டாள். "காக்கா, நீங்க அந்த இடத்த விட்டுப் போன மெய்யா?"

"மெய்தான்" என்றான் ஸுஹைர். "சுப்பவைசர் கூப்பிட்டார், தங்கச்சி. போகாம இருக்க ஏலாமப் போயிட்டு."

"நோட்டீஸில அப்படி இல்லியே."

அச்சில் வந்ததோடு வாய்ப் பேச்சு எப்படி மல்லுக்கட்டும்? உம்மு குல்சும் எழும்பி உள்ளே போனாள். அதற்குப் பிறகு தமையனோடு அவள் கதைக்கவில்லை. பெருநாளுக்கு வந்தான், கதைக்கவில்லை. பிள்ளைகளுக்கு உடுப்பு அனுப்பினான், திருப்பி அனுப்பினாள். ஊரில் அவனைக் கண்டால் கதையை நிறுத்துவார்கள். ஒரு வருசத்துக்குள் அவன் கம்பனியை விட்டு, மனைவி ஸல்ஹாவையும் கூட்டிக்கொண்டு வடக்கே இறக்கக்கண்டிக்குப் போய் மீன்பிடிக்குச் சேர்ந்துகொண்டான்.

பாக்கியரத்தினத்துக்கு இது தெரியுமா? தெரியும். நாட்குறிப்பில் 1975 பங்குனியில் ஒரே ஒரு வரி: "ஸுஹைர் விலகினார். தங்கையுடன் கதை இல்லையாம்." அடுத்த வரி: "சஞ்சிகை இம்மாதம் வரவில்லை."

6

அவர் ஓய்வு பெற்றது 1979 கடைசியில். மறு வருசம் வைகாசியில் ஒரு நாள் முதல் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி, பாதைப் படகில் கடந்து கிண்ணியாவுக்குப் போனார். துறையடியில் அவர் நட்ட பலகை நின்றது. கண்ணாடி இல்லை. அதில் ஒரு சினிமா விளம்பரம் ஒட்டியிருந்தது.

உம்மு குல்சும் கதவடியில் நின்றே கதைத்தாள். மகன் அவருக்குக் கதிரை கொண்டுவந்து வைத்தான். அவர் இருக்கவில்லை.

"தங்கச்சி, கம்பனியில நோட்டீஸ் எழுதினது நான்தான்."

"தெரியும்" என்றாள் அவள். "தங்கச்சி எண்டு கூப்பிடாதீங்க. அப்படிக் கூப்பிட எனக்கு ஒரு காக்கா இருந்தார்."

வாழ்நாள் முழுவதும் சொற்களை நிறுத்துப் பார்த்த மனிதர். 'இருந்தார்' என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஸுஹைர் முந்தின வருசம் மாசியில் காய்ச்சலில் மௌத்தாகியிருந்தான். செய்தி வந்தும் அவள் இறக்கக்கண்டிக்குப் போகவில்லை.

திரும்பிப் போயிருக்கலாம். அவர் தாளை எடுத்து வாசித்தார். அவள் அந்த இரண்டு சொற்களை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். இன்னொரு முறை கேட்டாள். இன்னொரு முறையும் வாசித்தார்.

"அப்ப காக்கா எனக்கு மெய்தான் சொல்லியிருக்கார்."

"ஓம்."

"இத வச்சிக்கிட்டு ஆறு வருசம் இருந்தீங்களா?"

"ஓம்."

"சோறு திண்டீங்களா?"

அன்றைய நாட்குறிப்பு இப்படி முடிகிறது: "ஓம் என்றேன்."

தாளைக் கொடுக்கப் பார்த்தார். அவள் வாங்கவில்லை. கடுதாசியை நம்பித்தான் இவ்வளவும் வந்தது, கொண்டுபோங்கள் என்றாள். அதனால்தான் அது சூட்கேஸில் இருந்தது. அதனால்தான் என் கைக்கு வந்தது.

7

இனி முடிவு.

(அ) பாதைப் படகில் திரும்பும்போது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இப்படி எழுதினால் கதை கனமாக முடியும். ஆனால் அவர் அதற்குப் பிறகும் ஒன்றேகால் வருசம் உயிரோடு இருந்தார். சஞ்சிகைக்குச் சந்தா கட்டினார்.

(ஆ) புஷ்பவதி இதை வாசித்து அழுதாள். இதுவும் நடக்கவில்லை. அவள் நாலு தாள்களையும் வாசித்துவிட்டு, "அப்பா ஒரு பொய்யும் எழுதேல்லையே, மாமா" என்றாள். ஓம் பிள்ளை, எழுதவில்லை என்றேன். தாள்களை மடித்து என்னிடமே தந்துவிட்டுப் போனாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

(இ) உம்மு குல்சும் அவரை மன்னித்தாள். கேட்டுப் பார்க்காமல் இதை எழுத எனக்கு என்ன உரிமை? போன மாதம் கிண்ணியாவுக்குப் போய், எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்க என்றாள். மன்னிப்பைப் பற்றிக் கேட்டேன். அவள் இறக்கக்கண்டியைப் பற்றிச் சொன்னாள்.

பாக்கியரத்தினம் வந்துபோன அடுத்த வெள்ளிக்கிழமை அவள் முதல் முறையாக அங்கே போனாள். இரண்டு பஸ் மாறவேண்டும். தமையனை அடக்கிய கபுறடியைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு ஸல்ஹாவின் வீட்டுக்குப் போனாள். நோட்டீஸில் என்ன வெட்டப்பட்டது என்பதைச் சொன்னாள். தான் கதைக்காமல் இருந்தது பிழை என்று சொன்னாள். ஸல்ஹா பாயை விரித்தாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அன்றில் இருந்து மாதம் ஒரு வெள்ளி தவறாமல் உம்மு குல்சும் போகிறாள். பாய் விரிக்கப்படுகிறது. தேத்தண்ணி வருகிறது. ஸல்ஹா எதிரே இருந்து மீன் வலையின் கிழிசலைப் பொத்துகிறாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் இவள் எழும்பி வருகிறாள்.

"வாராதீங்க எண்டும் அவ சொல்லல்ல" என்றாள் என்னிடம். "காக்கா எனக்கிட்ட எத்தின தரம் வந்தாரோ, நானும் அத்தின தரம் போகணும். பிறகும் போவன்."

ஸல்ஹா வாய் திறப்பதாக ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். நல்ல வசனங்கள், கல்வெட்டுக்கு ஏற்றவை. நேற்றுக் கிழித்துப் போட்டேன். நீங்கள் அவளை எனக்கு முன்பே அறிந்தவர்களாக இருந்தால், அந்த வீட்டுக்குப் போயிருந்தால், மிச்சத்தை எழுதுங்கள். எனக்குத் தெரிந்தது இன்றைய வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். இந்நேரம் உம்மு குல்சும் பாயில் இருப்பாள். தேத்தண்ணி ஆறியிருக்கும். வெளியே வெயில் சாய்ந்திருக்கும். ஸல்ஹா வலையை மடியில் இருந்து இறக்கி வைத்துவிட்டு