தலைவரின் தோளளவு

"மாப்பிள்ளைகிட்ட மட்டும் என் கேஸைப் பத்திப் பேசிடாதேம்மா. அவருக்கு அரசாங்க உத்தியோகம். என்னால ஒரு கறை வேண்டாம்."

"பேசாம எப்படிப்பா இருக்கிறது?"

"வாயில குண்டூசி வச்சிருக்கிறதா நினைச்சுக்கோ. குண்டூசியோட எந்தத் தையல்காரனாவது பேசிப் பார்த்திருக்கியா?"

ஆறு வருஷத்துக்கு முன், சிறையின் கம்பி வலைக்கு அப்பாலிருந்து அப்பா சொன்னது இது. கடைக்கு வந்த பன்னிரண்டு பேருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார், அதுதான் குற்றம். அவர்கள் மலை இயக்கத்தைச் சேர்ந்தவர்களாம். யார், எவர் என்று விசாரித்துவிட்டா ஒரு தையல் கடையில் தைக்கத் துணி வாங்குவார்கள்? பயங்கரவாதத்துக்கு உடந்தை என்று பதினைந்து வருஷம் போட்டார்கள். சாட்சி, அப்பாவின் அளவு நோட்டு. மார்பு, தோள், கை என்று அவர் பென்சிலால் எழுதியிருந்ததை நீதிமன்றத்தில் உரக்கப் படித்தார்கள்.

அதற்குப் பிறகு கடையை நான்தான் நடத்துகிறேன். என் கணவருக்கு அரசு விருந்தினர் பிரிவில் வேலை. உப்பு முதல் உறவினர் வரை எங்களுக்குள் சண்டை வராத விஷயம் இல்லை. அப்பாவைப் பற்றி மட்டும் நானும் வாய் திறந்ததில்லை, அவரும் கேட்டதில்லை.

போன மாதம் அரசாங்கம் இயக்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. எல்லையில் சண்டை மூளும் போலிருந்தது. மலைப்பாதைகளைக் காக்க அவர்களுடைய ஆட்கள் தேவைப்பட்டார்கள். காலைச் செய்தியில் பயங்கரவாதிகளாக இருந்தவர்கள், மாலைச் செய்தியில் மலைக் காவலர்கள் ஆனார்கள்.

நேற்று மத்தியானம் கணவர் துணிப் பொட்டலத்தோடு கடைக்குள் நுழைந்தார்.

"வியாழக்கிழமைக்குள்ள ஒரு கோட்டு தைக்கணும். மலைத் தலைவர் மந்திரியாகிறார்."

"ஊர்ல வேற டெய்லரே இல்லையா?"

"அவரே இந்தக் கடையைத்தான் கேட்டாராம்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இங்க தைச்ச சட்டை இன்னும் கிழியலையாம்."

அரசு முத்திரை போட்ட தாளில் அளவுகள் இருந்தன. நான் அலமாரியைத் திறந்து, தீர்ப்போடு வந்த அளவு நோட்டின் நகலை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தேன். அப்பாவின் கையெழுத்து. அதே பெயர், அதே தோள், அதே கை. இடுப்பு மட்டும் மூன்று அங்குலம் கூடியிருந்தது.

"தலைவர் நல்லா சதை போட்டுட்டார்," என்றேன். "இந்தப் புது அளவை யார் எழுதினது?"

"எங்க செக்‌ஷன் ஆபீசர்."

"அவர் வீட்டுக்குப் போலீஸ் வந்துச்சா?"

கணவர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வாடிக்கையாளர்கள் உட்காரும் முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"நீ என்கிட்ட உதவி கேட்டுடுவியோன்னு ஆறு வருஷமா பயந்துட்டே இருந்தேன்," என்றார். "நீ கேட்கலைன்னு சந்தோஷமாவும் இருந்தேன். அதை நினைச்சாத்தான் இப்ப கேவலமா இருக்கு."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"இது உங்க வேலைக்கே உலை வைக்கலாம், தெரியும்," என்றேன். "இருந்தாலும் கேட்கிறேன். இந்த ரெண்டு தாளையும் சேர்த்து வச்சு, எங்க அப்பாவை விடச் சொல்லி ஒரு மனு எழுதுங்க. உங்க பேர்ல, உங்க கையெழுத்துப் போட்டு எழுதுங்க."