முன்னால் போன சட்டை

கள்ளக்குறிச்சியில் மரவள்ளிக்கிழங்கு வியாபாரம் பார்த்த தனசேகரனின் வெள்ளைச் சட்டை, அவர் போகவேண்டிய இடத்துக்கு அவருக்கு அரை மணி முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு, காலர் விறைப்பாக, உள்ளே ஆள் இல்லாமல் போகும். பின்னாலேயே அவர் பனியனும் தோளில் துண்டுமாகப் போய் அதை மாட்டிக்கொள்வார். அந்த வருஷம் கிழங்கு விலை ஏறியிருந்தது, புளி விலை இறங்கியிருந்தது. அதைப் பேசுகிற மாதிரிதான் ஊரில் இதையும் பேசினார்கள்.

சட்டை தைப்பதற்கு முன்னால் அவர் சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை வாசலில் நின்று பார்த்தவர். நைனார்பாளையத்தில் குத்தகைக்கு உழுத குடும்பம். கல்வராயன் மலைக் கிழங்கை மொத்தமாகப் பிடித்து ஆலைக்குத் தரலாம் என்று முதலாளியிடம் பேசப் போனார். "ஏய், லோடு எறக்க வந்தவனா? பின்பக்கமா போ" என்றான் வாட்ச்மேன். பின்பக்கம் போனார். அங்கே உண்மையிலேயே லோடு இறக்கச் சொன்னார்கள், இறக்கிவிட்டு வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. மனைவி பெரியநாயகிக்கு அவர் சாப்பிடாததைவிட ஏன் என்று சொல்லாததுதான் நெஞ்சை அறுத்தது. மறுநாள் அவரை அமீர் பாய் தையல் கடைக்குக் கூட்டிப் போனாள். அமீர் பாய் அளவெடுத்துக்கொண்டே, "வியாபாரிக்குச் சட்டைதாம்மா மொத வார்த்தை, ஆளு ரெண்டாவது வார்த்தை. மொத வார்த்தை சரியா இருந்துட்டா ரெண்டாவதை யாரு கேக்கப்போறாங்க" என்றார். அவர் தைத்துக் கொடுத்த டெரிகாட்டன் சட்டையைப் பெரியநாயகி துவைத்து, நீலம் போட்டு, ஜவ்வரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி முக்கிக் காயப்போட்டாள். கஞ்சி கொஞ்சம் ஜாஸ்திதான். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் சட்டை கொடியை விட்டிறங்கித் தானாக நின்றுகொண்டிருந்தது. தனசேகரன் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே அது தெருமுனை தாண்டிப் போய்விட்டது.

பஸ்ஸில் கண்டக்டர் காசிநாதன், "ஆளுக்குத்தான் டிக்கெட்டு, சட்டைக்கு லக்கேஜும் போட முடியாது" என்று ஜன்னல் ஓரம் இடம் ஒழித்துக் கொடுத்தார். அதே வாட்ச்மேன் சல்யூட் வைத்து முன் கேட்டைத் திறந்தான். முதலாளி நாற்காலி போட்டு, டீ சொல்லி, விலையும் பேசி முடித்தார். தனசேகரன் போய்ச் சேர்ந்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு அதைக் குடித்தார். அதன் பிறகு வியாபாரம் ஓடிய ஓட்டத்துக்கு ஓட்டு வீடு மாடி வீடானது. மலையில் மட்டும், கிழங்கு போட்ட இருசம்மாள் என்கிற மலைக்காரி, "துணிகிட்ட எல்லாம் நான் வெலை பேசறதில்ல, ஆளு வரட்டும்" என்று சட்டையைப் பாறைமேல் உட்கார வைத்துவிட்டுக் களை வெட்டப் போய்விடுவாள்.

பெரியநாயகியின் தம்பி வீரமுத்து ரிஷிவந்தியத்திலிருந்து அடிக்கடி வருவான். பி.ஏ. படித்தவன். நேர்காணலுக்குப் போகும்போதெல்லாம் மாமாவின் பழைய பேண்ட்டைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போவான். போன மாதிரியே திரும்பி வருவான். "அக்கா, மாமா சட்டைக்கு இன்னா மரியாதை பாரு. அதுக்கு ஊரு கெடையாது, சாதி கெடையாது, அப்பன் பேரு கெடையாது. என்னைப் பாத்த ஒடனே மொதல்ல அதைத்தான கேக்கறானுங்க" என்பான். "அப்ப நீயும் கஞ்சி போட்டுக்கடா" என்பாள் அவள். ரெண்டு பேரும் சிரிப்பார்கள். தனசேகரன் சிரிக்கமாட்டார்.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறக்கிற சமயம் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் வந்தது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, பால் இல்லை, மலையில் கிழங்கு அழுகியது. வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று கூப்பிட வந்தவர்களில் வீரமுத்துவும் இருந்தான். தனசேகரன், "நான் நாலு பேருகிட்ட வியாபாரம் பண்றவன். என்னை அங்க ஒருத்தன் பாத்துட்டா நாளைக்கு மறுபடியும் பின்பக்கமா போவச் சொல்லுவான்" என்றார். வீரமுத்து வாசற்படியில் நின்றபடி, "நீ வர வாணாம் மாமா. சட்டையை அனுப்பு. ஒனக்குப் பதிலா அதுதான எல்லா எடத்துக்கும் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளேயே கிடந்தது. பெருக்கினாலும் போகவில்லை.

ரெண்டொரு நாள் சட்டை ஆணியை விட்டு அசையவில்லை. அவர் எங்கும் போகப்போவதில்லை என்று அதற்குத் தெரியும் போல. பிறகு ஒரு காலை, அவர் கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது சட்டை இறங்கியது. பொத்தான் போட்டுக்கொண்டது. "எங்க போவப்போறீங்க?" என்றாள் பெரியநாயகி. "எங்கயும் போவலியே." "சட்டை போவுதே." ரெண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள். அது ரிஷிவந்தியம் ரோட்டுப் பக்கம் திரும்பியது. அவர் போகாத இடத்துக்கு அது ஒரு நாளும் போனதில்லை. ஆகவே அவருக்கே தெரியாமல் அவர் முடிவு செய்துவிட்டார் என்பது ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பெரியநாயகிக்கு அப்போது மனசு ரெண்டாகக் கிழிந்தது. போய்த் தம்பி பக்கத்தில் நிற்கட்டும் என்று பாதி, போகவே கூடாது என்று பாதி. "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோங்க" என்றாள். ஊற்றினாள். மறுபடியும் ஊற்றினாள். அவர் எழுந்தபோது செருப்பைக் காணோம். அதை அவள்தான் நெல் குதிருக்குப் பின்னால் தள்ளியிருந்தாள். அவர் கொஞ்சம் தேடிவிட்டு வெறுங்காலோடு போனார்.

அங்கே நடந்ததை ஆளாளுக்கு வந்து அவளிடம் சொன்னார்கள். சாய்ந்த மரத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ், இந்தப் பக்கம் ஜனம். சட்டை வந்ததும், "பெரிய மனுசன் வந்துட்டாரு, வழி வுடுங்கடா. அதிகாரிங்க மொதல்ல இவரைப் பாத்தாத்தான் மதிச்சிப் பேசுவானுங்க" என்று அதை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார்கள். வீரமுத்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அதன் பின்னால் நின்றானாம். முகமெல்லாம் சிரிப்பாம். "எங்க மாமா முன்னால நிக்கிறாரு, எனக்கு இன்னாடா பயம்?" என்றானாம். கல் பறந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டது. யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்பதில் ஆளுக்கொரு பேச்சு. குண்டு சட்டையின் மார்புப் பையில் நுழைந்தது. உள்ளேதான் யாரும் இல்லையே, நேராகப் பின்னால் போய்விட்டது.

தனசேகரன் வெறுங்காலோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது அரை மணி தாண்டியிருந்தது. மச்சானைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். சட்டை பின்னால் வந்தது, தலை இல்லாவிட்டாலும் குனிந்து வந்த மாதிரி இருந்தது என்கிறார்கள். வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, "உள்ள ஆளு இருக்குதுன்னு இவன் நெனச்சிட்டான்" என்றார். எடுத்து முடித்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு பெரியநாயகி, "உள்ள நீங்க இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. முடித்தால் புருஷன், தம்பி ரெண்டு பேரில் ஒருத்தரை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். அந்த நெல் குதிர் வேண்டாம் என்று விற்றுவிட்டாள். செருப்பை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசினாள். முதுகுப் பக்கத்துக் கறை போனது, ஓட்டை நின்றது. அமீர் பாய் காசு வாங்காமல் ஒட்டுத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். காலையில் ஒட்டு தனியாகத் தரையில் கிடந்தது. மறுபடி தைத்தார், மறுபடி கிடந்தது. "அதுக்கு இஷ்டமில்லம்மா, வுட்டுடு" என்றார்.

மறியல் ஓய்ந்து ஆலைக்குப் போகவேண்டிய நாளில் தனசேகரன் சட்டைக்காகக் காத்திருந்தார். அது ஆணியிலேயே இருந்தது. கடைசியில் பனியனும் துண்டுமாக அவரே கிளம்பினார். வாட்ச்மேனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. "லோடா? பின்பக்கமா போ" என்றான். "முன்பக்கமாத்தான் போவேன். சட்டை பின்னால வருது" என்றார் தனசேகரன். வாட்ச்மேன் அவர் முகத்தை அன்றுதான் நிமிர்ந்து பார்த்தான். கேட்டைத் திறந்தான். அரை மணி கழித்து சட்டை வந்து சேர்ந்தது. வியாபாரம் பழைய மாதிரி இல்லை, கம்மிதான். மலையில் இருசம்மாள் மட்டும் அவர் தலை தெரிந்ததுமே விலையைச் சொல்லிவிடுவாள்.

ரெண்டு வருஷம் கழித்து ஒதுக்கீடு வந்தது. வீரமுத்துவோடு படித்த பையன்கள் வேலை கிடைத்துப் புதுச் சட்டையோடு பெரியநாயகியிடம் சொல்ல வருவார்கள். அவள் சர்க்கரை கொடுத்துவிட்டு, ஒவ்வொருத்தன் மார்பிலும் கையை வைத்துக் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பாள். அவர்களும் அழுத்தட்டும் என்று நிற்பார்கள்.

தனசேகரன் கிளம்பிப் போன பிறகு அவள் கதவைச் சாத்துவதில்லை. சட்டை இறங்கி, பொத்தான் போட்டுக்கொண்டு, மார்பில் ஓட்டையோடு படியிறங்கும். "ஓரமா போ" என்பாள். காசிநாதன் அதற்காக பஸ்ஸை நிறுத்தி வைத்திருப்பார். ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று பஸ்ஸில் யாரும் கேட்பதில்லை.