கோடில்லாத ஒன்பது நாய்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பன்றித்தலையில் ஆரம்பித்தது. மூன்று வருடத்துக்கு முன், சந்தபுரியில் எங்கள் தெருமுனைச் சன்னிதியில் ராம்பாய் அக்கா வேண்டுதல் நிறைவேறியதென்று அவித்த பன்றித்தலை படைத்தாள். எனக்கு ஒரு துண்டு காது கிடைத்தது. என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"கோடில்லாத குட்டி பொறக்கறதே நின்னுபோச்சு" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

அவள் வளர்ப்பது முதுகில் கோடுள்ள நாட்டு நாய். நடுமுதுகில் மட்டும் முடி எதிர்ப்பக்கமாகப் படிந்து கோடு போட்டிருக்கும். கோடு இருந்தால்தான் அது சாதி நாய். முப்பத்தோரு வருடம், ஒரே வம்சம்.

2

[முதலில் எழுதியது: 'ராம்பாய் நாய் விற்றுப் பிழைத்தவள்.' அடித்துவிட்டேன். அபாண்டம். குட்டி வாங்க வந்தவர்களில் பாதிப்பேரைத் துரத்தியவள் அவள். ஒரு துரியன் பழ வியாபாரியிடம், "சங்கிலியில கட்டுவியா?" என்று கேட்டாள். "ஆமா" என்றான். "அப்ப ஒரு ஆட்டுக்கல்ல வாங்கிக் கட்டிக்க, போ."]

கோடில்லாத குட்டி பிறந்தால் மற்ற வளர்ப்பாளர்கள் அன்றைக்கே ஒரு வாளித் தண்ணீரில்...

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. ராம்பாய் அப்படிச் செய்யவில்லை. பாலூட்டி வளர்த்து, நல்ல வீடாகத் தேடிக் கொடுத்தாள். ஒரே நிபந்தனை: வயது வந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்ய வேண்டும். குறை பரவக்கூடாது.*

* 'குறை' என்பது அவள் சொல். நானும் அப்போது அப்படித்தான் நம்பினேன்.

3

இந்த வருடம் மெக் என்ற பெட்டை ஆறு குட்டி போட்டது. ராம்பாய் ஒவ்வொன்றாக மடியில் கிடத்தி, கட்டைவிரலால் முதுகை நீவினாள். தோலுக்கடியில் நூல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. அந்த நூல் உள்ளே தண்டுவடம்வரை போகும், சீழ் பிடிக்கும். ஆறில் ஐந்துக்கு இருந்தது. ஆபரேஷனில் இரண்டு செத்துப்போயின.

நாய்களைப் பார்க்கும் டாக்டரம்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "கோடும் கோடுமாவே சேத்துக்கிட்டு வந்தா இந்த நூல் வரத்தான் செய்யும் அக்கா. நடுவுல கோடில்லாததையும் சேத்திருக்கணும். அதுதான் இதுக்கு மருந்து."

"மருந்தா?"

"உங்க வம்சத்துலயே ஆபரேஷன் ஆகாத கோடில்லாத கடுவன் ஒண்ணு கெடைச்சாப் போதும். இல்லன்னா மெக்கோட நிறுத்திக்கிறதுதான் நல்லது."

குறை என்று தள்ளிய ஒவ்வொரு குட்டியும் ராம்பாயின் கண்ணில் வந்துபோயிருக்கும். [இங்கே அவளை அழவைத்தேன். பொய்யாக இருந்தது. எடுத்துவிட்டேன்.] அவள் பேனா கேட்டாள். உயிரோடிருக்கும் கோடில்லாத கடுவன்கள் ஒன்பது. ஒன்பது வீட்டையும் எழுதினாள்.

4

அவள் தம்பி தாவோன் பைக் ஓட்டினான். முதல் வீட்டுக்காரர் கைகூப்பி வரவேற்று, ஒரு தட்டு ரம்புத்தான் பழம் வைத்து, பீரோவிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டையே எடுத்துக் காட்டினார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன் பாருங்கக்கா." நன்றி என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது வீட்டிலும் அதேதான். ஆறாவது வீட்டு அம்மாள், தன்னைச் சோதிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டாள்.

எட்டாவது வீட்டு வாசலில் தாவோனுக்குப் பொறுக்கவில்லை. "ஊர்ல ஒருத்தன்கூடவா ஏமாத்தல? லைசன்ஸ் இல்லாம லாரியே ஓட்டுறானுங்க. இதுல மட்டும் எல்லாரும் அரிச்சந்திரனா?"

"நான் பாத்துப் பாத்துப் பொறுக்கிக் குடுத்தேன்டா" என்றாள் ராம்பாய். "ஏமாத்துறவனுக்கு நான் குடுப்பனா?"

அவள் வாழ்க்கையில் செய்த எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

5

ஒன்பதாவது வீட்டுக்கு ஒரு புளுகனை உருவாக்கிப் பார்த்தேன். பிரனோம் என்று பெயர் வைத்தேன், ரப்பர்த் தோட்டக்காரன். 'மறந்துட்டேங்கக்கா' என்று தலையைச் சொறிந்தான். வம்சம் பிழைத்தது. ஆனால் அவள் அவனுக்குக் குட்டி கொடுத்திருக்கவே மாட்டாள். கிழித்துப் போட்டேன்.

அவனை நாணயமானவனாக எழுதவும் கை வரவில்லை. எட்டு வீடு எழுதியாகிவிட்டது, போதும்.

ஆகவே, ஒன்பதாவது வீடு உங்களுடையது. உங்கள் நாய் வாசலுக்கு ஓடுகிறது. வெயிலில் ராம்பாய் நிற்கிறாள். நீங்கள் நல்லவர் என்று பார்த்துத்தான் அன்று உங்கள் கையில் குட்டியைக் கொடுத்தாள். இன்று நீங்கள் வாக்குத் தவறியிருக்க வேண்டும் என்று வழியெல்லாம் சாமி கும்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஆபரேஷன் பண்ணிட்டீங்களா?" என்று கேட்கிறாள்.

சொல்லுங்கள்.